நாதா கட்சியும் நட கட்சியும்

சங்குமுனை மாதா கோவிலில் மணக்கோலத்தில் நின்ற தஸ்நேவிஸ், பங்குச் சாமியாரின் கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, அதுவரை அவள் நாக்கில் இருந்த தமிழ் முழுவதும் இறங்கிப் போய் அந்த இடத்தில் ஸ்பானிஷ் வந்து உட்கார்ந்திருந்தது. பீடத்தில் மெழுகுத்திரிகள் எரிந்துகொண்டிருந்தன, பாடகர் குழு அடுத்த பாட்டுக்குச் சுருதி பிடித்துக்கொண்டிருந்தது, கோவிலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவுக்குத் தம் போட்டு மூடிமேல் தணல் அள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள், இவ்வளவுக்கும் நடுவில் அவள் தெளிவான குரலில், தலையைக் குனியாமல், "நோ ஐ நாதா" என்றாள்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இதே கோவிலில் மோதிரம் மாற்றும் நேரத்தில் ஒரு மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் அம்மை முத்து போட்டதுண்டு, ஒரு மணப்பெண் தும்மத் தொடங்கிப் பூசை முடிந்தும் நிறுத்தாமல் தும்மியதுண்டு. பாஷை மாறுவது அவற்றைவிடச் சுத்தமான விஷயம், தொற்றாது, தழும்பும் விழாது என்று முன்வரிசைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அவள் என்ன சொன்னாள் என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிளந்தது. அந்தக் கடைசிச் சொல்லின் நடுவெழுத்து, தகரமா டகரமா என்று தீர்மானமில்லாமல் நாக்கு நுனியில் வழுக்கிக்கொண்டு போனதால், முன்வரிசைக்கு அது 'நாதா' என்று கேட்டது, திருநாள் நாடகத்தில் ராஜகுமாரி மண்டியிட்டுக் கணவனை அழைப்பாளே, அந்த நாதா. தூணுக்கு அந்தப் பக்கம் நின்ற வள்ளக்காரர்களுக்கோ அது 'நட' என்று கேட்டது, நட என்றால் நடையைக் கட்டு.

மாப்பிள்ளை சந்தியாகுவின் காதிலும் அது நட என்றே விழுந்தது. அவன் வள்ளங்களுக்கு எஞ்சின் பழுது பார்க்கிறவன், எந்தச் சாமானையும் கழற்றி உள்ளே பார்க்காமல் நம்பாதவன், ஆகவே அந்த வாக்கியத்தையும் நின்ற இடத்திலேயே கழற்றினான்: நோ என்றால் வேண்டாம், ஐ என்றால் நான், நட என்றால் நட. அவளோடு அவன் தனியாகப் பேசியது பெண் பார்க்கப் போன அன்று மட்டும்தான், அதுவும் சட்டையில் பட்ட எஞ்சின் ஆயில் எந்தச் சோப்புக்குப் போகும் என்பதைப் பற்றித்தான். இந்தக் கல்யாணத்தில் உனக்கு இஷ்டமா என்று கேட்க நினைத்து, கேட்காமலே எழுந்து வந்துவிட்டான், அந்தக் கேள்வி அன்று முதல் அவன் நெஞ்சில் விழுங்காத மாத்திரையாக நின்றுகொண்டிருந்தது. ஆகவே அவன் திரும்பி நடந்தான். மாப்பிள்ளை நடந்தால் பின்னால் நடப்பதுதான் முறை என்று பாண்டுக்காரர்கள் வாசித்துக்கொண்டே நடந்தார்கள், அத்தைமார் நடந்தார்கள், குடை பிடிக்கிறவன் எட்டி நடந்தான், மீன் ஏலக்கூடத்தைத் தாண்டி, வலை காயும் மணலைத் தாண்டி, காலில் புதுச் சப்பாத்தோடு சந்தியாகு கணுக்கால் தண்ணீரில் போய் நின்றபோதுதான் பெண்ணைக் கோவிலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. அன்றைய பிரியாணியை நாதா கட்சி கோவில் வாசலிலும் நட கட்சி கடற்கரையிலும் சாப்பிட்டன, கறி எந்தக் கட்சிக்கு அதிகம் போனது என்பதில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை.

இரண்டொரு நாளில் தமிழ் அவள் காதிலிருந்தும் வடிந்துவிட்டது. தாய் மெட்டில்டா சோறு வேண்டுமா என்று கேட்டால் மகள் பிரியமாகச் சிரித்தாள், அவ்வளவுதான். சாமியார் கோவிலில் கேட்ட கேள்வியும் தமிழோடு சேர்ந்து போய்விட்டதால், எதற்கு அப்படிப் பதில் சொன்னாய் என்று இனி அவளிடம் கேட்டும் பயனில்லை. அவள் பேசுவது என்ன பாஷை என்பதே ஊரில் யாருக்கும் தெரியவில்லை. சாமியார் இரண்டு வாக்கியம் கேட்டுவிட்டு, இது லத்தீன் பெற்ற மகள்களில் ஒருத்தி, எந்த மகள் என்று தெரியவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் சந்தியாகுவின் கூட்டாளி ஜெலஸ்தீன், ஸ்பெயின்காரர்களின் சூரைமீன் கப்பலில் குசினியில் சமையல் வேலை செய்கிறவன், விடுப்பில் வந்து இறங்கினான். மெட்டில்டா வீட்டைக் கடந்து போகும்போது உள்ளிருந்து யாரோ தண்ணீர் கேட்பதைக் கேட்டு, யோசிக்காமல் உள்ளே போய்க் குடத்தில் மோந்து கொடுத்துவிட்டு, பிறகுதான் நின்று யோசித்து, இது எங்க கப்பல் பாஷையில்லா என்றான்.

ஊரே அவனைச் சூழ்ந்துகொண்டது. அவள் சொன்னது நாதாவா நட-வா என்று கேட்டார்கள். ரெண்டும் இல்லை, குசினியில் சட்டி காலியானால் சொல்கிற சொல் அது, 'ஒண்ணுமில்ல' என்று அர்த்தம், ஒண்ணும் கிடையாது என்றாள் என்றான் ஜெலஸ்தீன். அப்படியானால் சாமியார் கேட்டது என்ன என்று எல்லோரும் சாமியார் பக்கம் திரும்பினார்கள். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. புத்தகத்தில் உள்ள கேள்விகளைக் கேட்பதற்கு முன் மணப்பெண் பக்கம் குனிந்து, மனசுல விருப்பம் உண்டா, மறுப்பு உண்டா என்று ஒரே மூச்சில் கேட்பார், பெண்கள் பயந்துபோய் உண்டு சாமி என்பார்கள், எது உண்டு என்று அவர் கேட்டதில்லை. விருப்பம் உண்டா மறுப்பு உண்டா என்று கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்று பதில் வந்திருக்கிறது. மறுப்பு ஒன்றுமில்லை என்றது நாதா கட்சி. விருப்பம் ஒன்றுமில்லை என்றது நட கட்சி. கல்யாணமான ஆண்கள் கட்சி வித்தியாசம் இல்லாமல், ஒரு பெண் ஒண்ணுமில்லை என்று சொன்னால் அங்கே என்னவெல்லாம் இருக்கும் என்று பெருமூச்சு விட்டார்கள். சாமியார் காது சிவந்துபோய், அந்தச் சொல்லின் மூலத்தைச் சொல்லி ஆறுதல் படுத்தப் பார்த்தார்: லத்தீனில் அது 'பிறந்தது' என்றுதான் தொடங்கியது, பிறந்தது ஒன்றுகூட இல்லை என்று நீட்டிச் சொல்லிச் சொல்லி, வால் அறுந்து, இல்லை என்கிற வேலையையும் 'பிறந்தது' தலையிலேயே கட்டிவிட்டார்கள். பிறந்தது என்று சொன்னால் இல்லை என்று அர்த்தமாகிற ஊரில் மனுசன் எப்படிச் சாமி பொண்ணு கட்டுவான் என்று கேட்டான் சந்தியாகு.

ஜெலஸ்தீனைக் கொண்டு அவளிடமே கேட்டுவிடலாம் என்று மெட்டில்டா சொன்னாள். சாமியார் ஒப்பவில்லை, நடுவில் ஆள் நிறுத்திச் சம்மதம் கேட்க இது மீன் ஏலம் இல்லை என்றார். சந்தியாகுவும் ஒப்பவில்லை, தரகர் வாயால் பெண் கேட்டதுதான் முதல் தப்பு, இந்தத் தடவை நானே கேட்கிறேன் என்றான். ஆனால் காலம் குறைவாக இருந்தது. சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடியும்வரை கல்யாணம் கிடையாது. அதற்குள் மும்பையிலிருந்து தாய்மாமன் மொராயிஸ் வந்து இறங்கியிருந்தார், ஸ்பானிஷ் பேசுகிற பெண்ணுக்குக் கப்பல் ஏஜென்சியில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று சொன்ன மாப்பிள்ளைக்காக அவள் ஏன் இங்கே மீன் நாற்றத்தில் கிடக்க வேண்டும் என்று சொல்லி, சாம்பல் புதனுக்கே ரயிலில் இடம் பிடித்துவிட்டார்.

ஆகவே சங்குமுனை ஸ்பானிஷ் படித்தது. படித்தது என்றால் பாடம் வைத்தல்ல, சொல்லைக் கண்டால் கல்லெறிந்து மாங்காய் விழுத்துகிற மாதிரி விழுத்தினார்கள். தஸ்நேவிஸ் ஜன்னலைக் காட்டி 'வெந்தானா' என்றாள். வென்றானா, யார் வென்றான் என்று கேட்டாள் மெட்டில்டா. சாமியார் அது காற்று என்ற சொல்லிலிருந்து வந்தது, காற்று வருகிற வழி என்றார். அப்படியானால் நாம் சொல்கிற ஜன்னல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள், அது போர்த்துக்கீசுக்காரன் விட்டுப் போனது, அவர்களும் ஒரு தாய் பிள்ளைகள்தான், மூலத்தில் சின்னக் கதவு என்று அர்த்தம் என்றார். அன்றைக்கு முழுதும் தெருவில் பெண்கள் வீட்டுக்கு வீடு ஜன்னல் முன்னால் நின்று, நம்முடையது காற்றுவழியா சின்னக் கதவா என்று பார்த்தார்கள், அளவில் சின்னதாக இருந்தவற்றைக் காற்றுவழி என்றும், பிள்ளைகள் ஏறிக் குதித்து ஓடுகிறவற்றைச் சின்னக் கதவு என்றும் பிரித்தார்கள். மேசையை அவள் மேசா என்றாள், துவாலையைத் துவாயா என்றாள், பொத்தானைப் பொத்தோன் என்றாள், சப்பாத்தைச் சபாத்தோ என்றாள். பாதி ஸ்பானிஷ் நம்ம வாயிலதான் இத்தனை காலமா சும்மா கிடந்திருக்கு என்று எல்லோருக்கும் தலைகால் புரியாத சந்தோஷம், வீட்டில் எந்தச் சாமானை எடுத்தாலும் உள்ளே இன்னொரு சாமான் குலுங்கியது.

கல்யாண மெத்தை தைக்க எடுத்திருந்த மீரான் பாய் தலையணை கொண்டு வந்தபோது அவள் 'அல்மோவாதா' என்றாள். பாய் தலையணையைக் கீழே வைத்துவிட்டு, இது எங்க ஓதுற பாஷையில் உள்ள சொல்லாச்சே, கன்னம் என்கிற சொல்லிலிருந்து வந்தது, கன்னத்துக்கு உரியது என்று அர்த்தம் என்றார். வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த சந்தியாகு எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். ஆரஞ்சுப் பழத்தைக் காட்டி அவள் 'நராங்ஹா' என்றபோது பாயும் சாமியாரும் ஆளுக்கொரு பக்கம் அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்தார்கள், ஸ்பானிஷுக்கு முன்னால் அரபி, அரபிக்கு முன்னால் பாரசீகம், அதற்கும் முன்னால் வடமொழி என்று இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் நாரத்தை என்று மெட்டில்டாவின் ஊறுகாய்ப் பரணியில் கை வைத்தார்கள். நம்ம நாரத்தையை அத்தனை தூரம் கட்டிக் கொடுத்திருக்கோம், அது ஆரஞ்சு சீர் எடுத்துக்கிட்டு மறுவீடு வந்திருக்கு என்றாள் மெட்டில்டா. கிழமைகளைக் கேட்டார்கள். லூனெஸ் நிலா, அதாவது திங்கள். மார்ட்டெஸ் செவ்வாய்க் கிரகம், அதாவது செவ்வாய். அடுத்தது புதன், அதற்கடுத்தது வியாழன், வெள்ளி வரைக்கும் ஒரே வானம்தான் என்று தெரிந்ததும் நட கட்சியிலிருந்து நான்கைந்து குடும்பங்கள் நாதா கட்சிக்கு மாறின.

சந்தியாகு தன் பட்டறையில் படித்தான். ஜெலஸ்தீன் ஒரு சொல்லைக் கொண்டுவந்து அது எங்கே புழங்குகிறது என்று சொல்வான், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் சமையலும் வசவும்தான்; சாமியார் அதன் வேரைச் சொல்வார்; சந்தியாகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதைக் கழற்றுவான். சொம்ப்ரேரோ என்றால் தொப்பி, கழற்றினால் உள்ளே நிழல். தெசாயூனோ என்றால் காலைச் சாப்பாடு, கழற்றினால் உள்ளே ஒருசந்தி என்கிற உபவாசம், ஒருசந்தியை முறிப்பதுதான் காலைச் சாப்பாடு. பாராகுவாஸ் என்றால் குடை. அதைக் கழற்றியபோது ஒரு கையில் 'பாரா', ஒரு கையில் 'ஆகுவாஸ்' என்று சுத்தமாக இரண்டு துண்டு வந்தது, ஆகுவாஸ் தண்ணீர், பாரா நிறுத்து, தண்ணீரை நிறுத்து. இவ்வளவு ஒழுங்கான சாமானை அவன் எந்த எஞ்சினிலும் பார்த்ததில்லை. பாரா என்றால் நிறுத்து, நில் என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான், தன் சொத்துப் போல ஒரு சொல் கிடைத்துவிட்ட குதூகலத்தில் வழியில் பார்த்த சைக்கிள்காரர்களையெல்லாம் பாரா, பாரா என்று நிறுத்தினான்.

மறுநாள் காலையில் அவன் மெட்டில்டா வீட்டு வழியாகப் போனான். வேண்டுமென்றுதான் போனான். தஸ்நேவிஸ் ஜன்னலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் உரித்ததைக் கம்பி இடுக்கு வழியாக நீட்டி, "பாரா தீ" என்றாள்.

அவன் நின்றான். நில் என்று சொல்லியிருக்கிறாள். ஆனால் தீ என்றும் சொல்லியிருக்கிறாள். பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூரைகளைப் பார்த்தான், புகை இல்லை. அடுப்படிப் பக்கம் மோந்து பார்த்தான், கருகல் இல்லை. இருந்தாலும் சொன்ன சொல்லை மீறி ஓர் அடி நகர அவனுக்கு மனமில்லை. அவள் எழுந்து உள்ளே போனாள், அவன் நின்றான். ஐஸ் வண்டி அவனைச் சுற்றிக்கொண்டு போயிற்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்றுவிட்டுப் போயின, பழச்சாறு மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு இறங்கி அங்கே எறும்பு ஏறத் தொடங்கிய நேரத்தில் ஜெலஸ்தீன் வந்தான்.

"என்னல, கொடிமரம் மாதிரி நிக்க?"

"அவதான் நிக்கச் சொன்னா. எங்கனயோ தீப்பிடிச்சிருக்கு."

"என்ன வார்த்தை சொன்னா, அப்படியே சொல்லு."

"பாரா தீ."

ஜெலஸ்தீன் மணலில் உட்கார்ந்துவிட்டான். சிரித்து முடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. பாராவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, தட்டை நீட்டும்போது யாருக்கு என்று காட்ட அதைத்தான் சொல்வோம், தீ என்றால் நீ என்றான்.

"அப்ப?"

"உனக்குன்னு சொல்லியிருக்கால. உனக்கு."

சந்தியாகு கையில் இருந்ததைப் பார்த்தான். எறும்பை ஊதிவிட்டு, அங்கேயே நின்றபடி, கொட்டையைக்கூடத் துப்பாமல் முழுவதையும் தின்றான். அன்று சாயங்காலம் அவன் பட்டறையைத் திறந்து வைத்து, கேட்காதவர்களுக்கெல்லாம் எஞ்சின் பார்த்துக் கொடுத்தான், ஓடுகிற எஞ்சினையும் நிறுத்தி ஒரு தடவை துடைத்துக் கொடுத்தான்.

ஆனால் ஆரஞ்சு கொடுப்பது வேறு, வாழ்க்கை கொடுப்பது வேறு என்று நட கட்சி சொன்னது, அவனுக்கும் அது சரி என்றே பட்டது, மும்பைக்குப் போகிறவள் போகும்முன் வழியில் நிற்கிறவனுக்கு ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போகலாம். கேட்க வேண்டிய கேள்விக்கு அவன் சொல் தேடினான். ஜெலஸ்தீன் சொன்னான், கல்யாணம் பண்ணுவதற்கு அவர்கள் சொல்கிற சொல்லைக் கழற்றினால் உள்ளே காஸா இருக்கிறது, காஸா என்றால் வீடு. சந்தியாகு அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, நாமும் கட்டிக்கிடுறதுன்னுதான் சொல்லுதோம், வீட்டையும் கட்டுறதுன்னுதான் சொல்லுதோம், ரெண்டு பக்கமும் ஒரே சாமான்தான் என்றான். அந்த ஒரு சொல்லே போதும் என்று முடிவு செய்தான்.

சாமியார் ஆயர் இல்லத்துக்குப் போயிருந்து திங்கட்கிழமை சாயங்காலம்தான் திரும்பினார், ஆகவே மிச்சம் இருந்தது செவ்வாய் மட்டுமே. செவ்வாயில் நல்ல காரியமா என்று மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். கப்பலிலும் செவ்வாயில் கல்யாணம் வேண்டாம், கடலுக்கும் போக வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்றான் ஜெலஸ்தீன். இரண்டு பாஷையும் வேண்டாம் என்று சொல்கிற நாளில், இரண்டு கட்சியும் கோவிலில் இடம் பிடித்து உட்கார்ந்தன. மொராயிஸ் மாமா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டே உள்ளே வந்தார். சாமியார் புத்தகத்தைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கவும் போவதில்லை, சொல்லவும் போவதில்லை, கேட்கிறவன் கேட்கட்டும், அவள் சொல்வது சம்மதம் என்றால் இப்போதே முடித்து வைக்கிறேன், இல்லையென்றால் நாளைக்கு ரயில் இருக்கிறது என்றார்.

சந்தியாகு ஒரு வள்ளத்தின் எஞ்சினை மாட்டிவிட்டு அப்படியே ஓடி வந்து அவசரமாக வேறு சட்டை மாற்றியிருந்தான். அவன் தஸ்நேவிஸைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். நீ, நான், வீடு என்று கேட்க வேண்டும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, கோவில் முழுவதும் கேட்கும்படி, "தூ. யோ. காஸா?" என்றான்.

கோவில் எழுந்து நின்றது. பீடத்துக்கு முன்னால் நின்று துப்பிவிட்டு, பெண்ணை யோவ் என்று கூப்பிட்டு, காசா என்று கேட்டிருக்கிறான். மொராயிஸ் மாமா பெஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்து, சபையில நின்னு வரதட்சணை கேக்கானே, கேக்க ஆள் இல்லையா என்றார், நட கட்சி சட்டைக் கையை மடித்தது, நாதா கட்சியிலேயே சிலர் தங்கள் இடத்திலிருந்து எழுந்து நட கட்சிப் பக்கம் போய் நின்றார்கள், ஜெலஸ்தீன் பெஞ்சுமேல் ஏறி இரண்டு கையையும் விரித்து, வீடுய்யா, வீடு, வீடுதான் கேக்கான் என்று கத்தினான், வீடு வேற வேணுமோ என்றார் மாமா.

இந்தச் சத்தம் எதுவும் புரியாத ஒரே ஆள் தஸ்நேவிஸ்தான். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். சத்தம் அடங்கும்வரை காத்திருக்காமல், அவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்கிற குரலில், "தே கியேரோ" என்றாள்.

கேட்டவர்கள் கேட்காதவர்களை அதட்ட, கோவில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சந்தியாகுவுக்கு அந்தச் சொல் தெரியாது. அது பட்டறைக்கு வராத சொல். அவன் அதைக் கழற்ற முடியாமல் பெஞ்சுமேல் நின்ற ஜெலஸ்தீனைப் பார்த்தான்.

ஜெலஸ்தீன் மெதுவாகக் கீழே இறங்கினான். "சோறு வேணும்னா அப்படித்தாம்ல கேப்பாவ. வேணும்னு அர்த்தம். முன்னால இருக்கது சோறு இல்ல, நீ."

அவள் அவனைச் சோற்றைப் போலக் கேட்கிறாள் என்ற செய்தி முன்வரிசையிலிருந்து வாசல்வரை பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது யாரோ அழுதார்கள். சாமியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஒன்றும் சொல்வதில்லை என்று சொன்னதை மறந்து சந்தியாகுவின் தோளருகே குனிந்தார்.

"லத்தீன்ல அது வேற. மூலத்துல, 'தேடுறேன்'னு அர்த்தம். உன்னைத் தேடுறேன்னு சொல்றா."

சந்தியாகு இதை யோசித்தான். சுற்றிலும் பார்த்தான், தன் காலைப் பார்த்தான், ஒரு கை தூரத்தில் நிற்கிற அவளைப் பார்த்தான்.

"இங்கனதான நிக்கேன் சாமி," என்றான். "எதுக்குத் தேடுதா?"

சாமியார் புத்தகத்தைத் திறந்தார். தஸ்நேவிஸ் கையை நீட்டி, அவசரத்தில் ஒன்று தள்ளி மாட்டியிருந்த அவனுடைய சட்டைப் பொத்தான்களைக் கழுத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தாள், அது முடியும்வரை எந்தக் கட்சிக்காரரும் உட்காரவில்லை.